வரப்போகிற பாதையோரம் பத்து ஏக்கர்

இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்துச் செங்கலடிச் சந்தியில், பதுளை வீதி பிரிகிற இடத்துக்குக் கிட்ட ஒரு தேநீர்க் கடை. போன ஆவணியில் அங்கே என் மாமா முறையான ஒருவர் மேசையில் நில அளவைப் படமொன்றை விரித்துவைத்துக் காத்திருந்தார். "மருமகன், இஞ்ச பாருங்க. பத்து ஏக்கர், ஒரே துண்டு. இதுக்குப் பக்கத்தால பெரிய பாதை ஒண்டு வரப்போகுதாம். இப்ப எடுத்துப் போட்டா புள்ளைகள்ட காலத்துல தங்கம்." ஞாயிறுக்குள் முற்பணம் வேண்டுமாம். தரகர் அவசரப்படுத்துகிறார்.

ஓம் என்றோ வேண்டாம் என்றோ அன்று நான் சொல்லவில்லை. ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது. அவருக்கு அரையும் குறையுமாகச் சொன்னதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன். காணி வாங்கிப் பழக்கமில்லாதவர்களும், வெளிநாட்டில் உழைத்த காசை ஊரில் எங்காவது போட்டுவைக்க நினைப்பவர்களும் முற்பணம் கொடுக்குமுன் இதை வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ஒரு காணியின் விலைக்குள் இரண்டு பங்கு இருக்கிறது. ஒன்று, அந்த மண் இன்றைக்கே தருவது: நெல், கஜு என்கிற முந்திரி, மேய்ச்சல், வீடு கட்ட ஒரு வளவு. மற்றது, நாளைக்கு அது என்னவாகும் என்ற எதிர்பார்ப்பு. சம்மாந்துறை வட்டையில் இரண்டு போகம் விளையும் வயலின் விலையில் முதல் பங்குதான் பெரிது. பற்றை படர்ந்த பத்து ஏக்கருக்குப் பாதையைக் காட்டிக் கேட்கிற விலையில் ஏறக்குறைய முழுவதும் இரண்டாவது பங்கு. பாதை வராவிட்டால் அந்தப் பங்கு கரைந்துபோகும், பற்றைக்காடு மிஞ்சும்.

எதிர்பார்ப்பு வெறும் கற்பனை என்று நான் சொல்ல வரவில்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை. எங்கள் பக்கத்தில் 'பாதை' என்ற சொல் தெருவை மட்டும் குறிப்பதில்லை, ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைக்கும் அதே பெயர்தான். 2014 சித்திரையில் மண்முனைப் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைச் சனம் மண்முனைத் துறையில் அந்தப் பாதைக்காகக் காத்துக் கிடந்தது. பாலம் வந்தபின் மண் அதே மண், வாவி அதே வாவி. ஆனால் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போகிற நேரம் சுருங்கிவிட்டது. தெருவோ பாலமோ காணிக்கு மதிப்பைக் கூட்டுவது இந்த நேரச் சுருக்கத்தால். அதனால் மாமாவிடம் நான் முதலில் கேட்டது இதுதான்: இந்தக் காணியில் இருந்து எங்கே போகிற நேரம் குறையும்? அவருக்குத் தெரியவில்லை. தரகரும் சொல்லவில்லை.

அடுத்தது, அது எந்த வகைப் பாதை. அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்புக்கு வரும் ஏ4 வீதியில் ஒவ்வொரு ஒழுங்கையும் நேரே ஏறுகிறது, ஓரத்துக் காணியில் நாளைக்கே ஒரு கடை போடலாம். அதிவேகப் பாதை அப்படியல்ல. 2011இல் திறந்த தெற்கு அதிவேகப் பாதையின் இரண்டு பக்கமும் வேலி. வெலிப்பன்ன, தொடங்கொட போன்ற நுழைவாயில்களால்தான் ஏறலாம், இறங்கலாம். இரண்டு வாயிலுக்கு நடுவே வேலியோரம் காணி வைத்திருப்பவருக்குக் கிடைப்பது வாகன இரைச்சல், சிலருக்குத் தங்கள் வளவிலிருந்து அடுத்த துண்டு வயலுக்குப் போகச் சுற்றுப் பயணம். 'பாதைக்குப் பக்கம்' என்று விளம்பரத்தில் இருந்தால் வாயிலுக்கு எத்தனை கிலோமீற்றர் என்று கேளுங்கள்.

"வரப்போகுதாம்" என்ற சொல்லுக்குள் ஏழெட்டுப் படிகள் ஒளிந்திருக்கின்றன. யாரோ ஒரு கூட்டத்தில் சொன்ன பேச்சு. பிறகு சாத்தியவள ஆய்வு. மையக்கோடு போடுதல். 10 கிலோமீற்றருக்கு மேல் நீளமான நெடுஞ்சாலையென்றால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 1993ஆம் ஆண்டின் அரச வர்த்தமானி அறிவித்தல் சொல்கிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரானால் பொதுமக்கள் வாசித்துக் கருத்துச் சொல்ல 30 நாள் திறந்து வைப்பார்கள். வரைபடம் முதல்முதலாக நம் கைக்கு எட்டும் இடம் பெரும்பாலும் இதுதான், ஆனால் இதை யாரும் போய்ப் பார்ப்பதில்லை. அதற்குப் பிறகு கடன் ஒப்பந்தம், காணி எடுப்பு, வேலை, திறப்பு.

ஒவ்வொரு படியிலும் பாதை சறுக்கலாம். மத்திய அதிவேகப் பாதையைப் பாருங்கள். மீரிகமவில் இருந்து குருநாகலுக்குப் போகும் துண்டு 2022 தையில் திறந்தது. கொழும்புப் பக்கம் இருந்து தொடங்க வேண்டிய கடவத்தை–மீரிகம துண்டோ, அதே வருடம் நாடு கடன் கட்ட முடியாது என்று அறிவித்ததும் பாதி வேலையில் நின்றது. மறுபடி வேலை தொடங்கியது 2025இல். கொழும்பின் வெளிச்சுற்று நெடுஞ்சாலையும் ஒரே நாளில் வந்ததல்ல. கொட்டாவை–கடுவெல 2014இல், கடவத்தை வரை 2015இல், கெரவலப்பிட்டி வரை 2019இல் என்று மூன்று துண்டாகத் திறந்தது. ஒரே பாதையின் ஒரு முனையில் காணி வைத்திருந்தவருக்கும் மறுமுனைக்காரருக்கும் ஐந்து வருட வித்தியாசம். தலைநகரத்தைச் சுற்றிப் போகும் பாதைக்கே இந்த நிலை என்றால், நம் பக்கத்துத் திட்டத்துக்கு எத்தனை வருடம் வைப்பது என்று நீங்களே யோசியுங்கள்.

விலை இந்தப் படிகளோடு சேர்ந்து ஏறுகிறது. பேச்சுக் காலத்தில் வாங்குபவருக்கு மலிவு, ஆனால் பாதை வராமல் போகும் ஆபத்து முழுவதும் அவர் தலையில். காணி எடுப்புக்கான வர்த்தமானி வந்தபின் வாங்குபவருக்கு நிச்சயம் உண்டு, மலிவு இல்லை. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. பேச்சுக் காலத்தில் இருந்துகொண்டு வர்த்தமானிக் கால விலையைக் கொடுப்பதில் ஒரு நியாயமும் இல்லை. நான் பார்த்தவரையில் புதிதாக வாங்குபவர்கள் விழும் குழி இதுதான், மாமாவும் அதன் விளிம்பில்தான் நின்றார்.

நில அளவைப் படத்தின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டோம். தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை, உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

ஏக்கர் 20 இலட்சம் என்றால் பத்து ஏக்கர் 2 கோடி. முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம்: மொத்தம் 7 இலட்சத்து 99 ஆயிரம். நொத்தாரிசு கூலி, அளவைக் கூலி, கம்பி வேலி, வருடா வருடம் பற்றை வெட்டு, காவலுக்கு ஒரு ஆள், இவையெல்லாம் தனி. இதே 2 கோடியை 8 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டு வட்டியையும் எடுக்காமல் விட்டால் பத்து வருடத்தில் ஏறக்குறைய 4 கோடி 32 இலட்சம். ஏக்கருக்குப் பார்த்தால் 43 இலட்சம்.

இப்போது பாதைக்கு வருவோம். பாதை வந்தால் பத்தாம் வருடம் ஏக்கர் 60 இலட்சம் போகும், வராவிட்டால் 25 இலட்சம்தான் என்று வைத்துக்கொள்வோம். வருவதற்கும் வராமல் போவதற்கும் சரிபாதி வாய்ப்பு. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 42 இலட்சத்து 50 ஆயிரம். வங்கியில் கிடைத்திருக்கக் கூடியதை விட ஒரு மயிரிழை குறைவு, வேலியும் காவலும் தீர்வையும் இன்னும் கழிக்கவில்லை. விலை மூன்று மடங்காகும் என்று கனவு கண்டாலும், வாய்ப்பு சரிபாதிதான் என்றால் அது இலாபக் கணக்கு அல்ல. மாமா இதைக் கேட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

பிறகு அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. "வங்கிக் காசு என்னாகிச்சு எண்டு பாத்தம்தானே?" 2022 புரட்டாதியில் கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அந்த வருடம் வைப்பில் கிடந்த காசு கண்முன்னே உருகியது, மண் உருகவில்லை. காணியில் காசைப் போடுவதற்கு அது வலுவான காரணம், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காரணத்துக்காக வாங்குவதென்றால் இன்றைக்கே பயன் தருகிற காணியை வாங்கலாமே? பாதைக் கதைக்கு மேலதிகமாக ஏன் கொடுக்க வேண்டும்?

பெரிய துண்டு ஏன் மலிவு

எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள மணல் திட்டில் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கிறது. பத்து ஏக்கர் ஒரே துண்டாகக் கிடைப்பது படுவான்கரையிலோ, பதுளை வீதியில் உள்ளுக்கோ, அம்பாறைப் பக்கம் காட்டோரத்திலோதான். அங்கே மலிவாக இருப்பதற்கு முதற்காரணம் உறுதி, அதாவது காணி யாருடையது என்று சொல்லும் பத்திரம்.

நம் நாட்டில் பெரும்பகுதி நிலம் அரசாங்கத்தினுடையது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குடும்பங்களுக்குக் கொடுத்த பெர்மிட் காணியையும், பிறகு கொடுத்த ஜெயபூமி, சுவர்ணபூமி உறுதிக் காணியையும் பிரதேச செயலாளரின் ஒப்புதலில்லாமல் கைமாற்ற முடியாது. மீறி எழுதினால் அந்த உறுதி செல்லாது. கல்லோயாத் திட்டம் முதலாகக் குடியேற்றக் காணிகள் நிறைந்த அம்பாறை மாவட்டத்தில் இந்தக் கேள்வி இல்லாமல் ஒரு காணிப் பேச்சும் முடியாது. "சத்தியக் கடதாசி முடிச்சுத் தாறம், பிறகு உறுதியாக்கலாம்" என்று சொன்னால் எழுந்து வாருங்கள். 1840ஆம் ஆண்டிலிருந்தே காணி விற்பனைக்கு நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சியோடு எழுதிய உறுதி வேண்டும். சத்தியக் கடதாசியால் காணி கைமாறாது.

'ஆட்சி உறுதி' என்று இன்னொன்று. பத்து வருடத்துக்கு மேல் இந்தக் காணியை நான் ஆண்டு அனுபவிக்கிறேன் என்று ஒருவர் தானே சொல்லி எழுதிக்கொள்வது. நீதிமன்றத் தீர்ப்பு அதன் பின்னால் இல்லையென்றால் அது அவருடைய சொந்த வாக்குமூலம், அவ்வளவுதான். அரச காணியில் பத்து வருடக் கணக்குச் செல்லவே செல்லாது. தனியார் காணியிலும் நம் பக்கத்தில் ஒரு விசேடம் உண்டு. போரால் இடம்பெயர்ந்து தங்கள் காணியை ஆள முடியாமல் போனவர்களுக்காக 2016இல் ஒரு சட்டம் வந்தது, 5ஆம் இலக்கம். ஆயுதக் குழுக்களின் நடவடிக்கைகளால் உரிமையைக் கேட்க முடியாமல் போனவர்களுக்கு, 1983 வைகாசிக்கும் 2009 வைகாசிக்கும் இடைப்பட்ட காலத்தைப் பத்து வருடக் கணக்கில் சேர்க்காமல் விடுவதற்கு அது வழிசெய்தது. நீங்கள் வாங்கப்போகும் பற்றைக்காடு, எண்பதுகளில் ஒரு குடும்பம் எல்லாவற்றையும் விட்டு ஓடிய வளவாக இருக்கலாம். அதைக் கேட்டறிவது சட்டத்துக்காக மட்டும் செய்யும் வேலை என்று நான் நினைக்கவில்லை.

தனியார் உறுதி என்றாலும் எங்கள் வழக்கங்களை மனதில் வையுங்கள். காணி சீதனமாகப் பெண்பிள்ளைகளுக்குப் போகிறது. தாய் தகப்பனின் சீவிய உருத்து, அதாவது உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை, உறுதிக்குள் இருக்கலாம், அவர்கள் கையெழுத்து இல்லாமல் நீங்கள் உள்ளே கால் வைக்க முடியாது. ஏழு பிள்ளைகளுக்குப் பொதுவாக வந்த காணியில் நான்கு பேர் மட்டும் விற்றால் உங்கள் கைக்கு வருவது பிரிக்கப்படாத பங்கு. அதைப் பிரித்தெடுக்கும் பங்கீட்டு வழக்கு உங்கள் தலைமுடி நரைக்கும் வரை நடக்கக்கூடும். பழைய வயல் உறுதிகளில் அளவு, விதைக்கும் நெல்லின் அளவைக் கொண்டு, 'அவண' விதைப்பாக எழுதப்பட்டிருக்கும். தரையில் இன்று எத்தனை ஏக்கர் இருக்கிறது என்பதைச் சேர்வேயர்தான் சொல்ல வேண்டும், உறுதி சொல்லாது. காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடத்துப் பதிவுகளை உங்களுடைய நொத்தாரிசைக் கொண்டு தேடுங்கள், விற்பவருடைய நொத்தாரிசைக் கொண்டல்ல. அற்றோணித் தத்துவத்தில், அதாவது சொந்தக்காரர் எழுதிக் கொடுத்த அதிகாரத்தில், யாராவது விற்றால், எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று தொலைபேசியிலாவது அவர் வாயால் கேளுங்கள். அவர் இறந்த நாளோடு அந்தத் தத்துவமும் முடிந்தது.

உறுதி சுத்தமாக இருந்தும் காணி வேறொருவருடைய கோட்டுக்குள் இருக்கலாம். வனத் திணைக்களம், வனசீவராசிகள், மகாவலி அதிகார சபை, தொல்பொருள், நீர்ப்பாசனம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எல்லை. மயிலத்தமடு–மாதவனைப் பால்பண்ணையாளர்கள் தங்கள் மேய்ச்சல் தரைக்காக வருடக்கணக்கில் தெருவில் நின்றதைக் கண்ட மாவட்டம் இது. கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகக் காணிப் பிரிவிலும் கேட்டு எழுத்தில் பதில் வாங்க ஒரு மாதம் போனாலும் போகட்டும்.

வயல் என்றால் 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் குறுக்கே நிற்கும். கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதியில்லாமல் வயலை மண் போட்டு நிரப்ப முடியாது. பாதை வந்தாலும் வயல் வயல்தான். அங்கே குத்தகைக்குச் செய்பவர் பதிவில் இருந்தால், போடியார் (வயல் சொந்தக்காரர்) மாறியதால் அவருடைய உரிமை மாறாது. இன்னும் பெரிதாக வாங்க நினைப்பவர்களுக்கு 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம்: ஒருவருக்கு 50 ஏக்கர், அதில் வயல் 25 ஏக்கர் என்பதே உச்சம். வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் வைத்திருப்பவர் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இங்கே காணி வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் தடையில்லை. அதற்காக மச்சான் பெயரில் வாங்கிப் போடுவது குடும்பங்களைப் பிரித்ததை நான் ஒன்றுக்கு மேல் கண்டிருக்கிறேன்.

மாரியில் போய்ப் பாருங்கள்

ஆவணியில் எந்தக் காணியும் அழகுதான். 1957 வெள்ளத்தைப் பெரியவர்கள் சொல்வார்கள், 2011 தை, மாசி வெள்ளத்தை நாமே கண்டோம். மேற்கே உறுகாமம், உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் கதவு திறந்தால் தண்ணீர் கிழக்கே வாவியைத் தேடி வரும். இதில் பாதைக்கும் பங்கு உண்டு. தாழ்நிலத்தில் உயர்த்திப் போடும் பாதை, மதகுகள் போதாவிட்டால், அணைக்கட்டுப் போல நிற்கும். வடக்குத் தெற்காக ஒரு பாதை வந்தால் அதன் மேற்குப் பக்கக் காணியில் தண்ணீர் தேங்கும் வாய்ப்பு அதிகம். பாதையால் விலை ஏறும் என்று வாங்கிய காணி பாதையாலேயே குளமாகலாம். யானைத் தடத்தையும் அந்த ஊர் ஆட்களிடம் கேளுங்கள், பத்திரத்தில் அது இருக்காது.

பாதை நம் காணிக்குள்ளேயே வந்தால் நட்டஈடு கொட்டும் என்பது இன்னொரு நம்பிக்கை. 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டத்தில் 2ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால் அளந்து பார்க்க உள்ளே வருகிறார்கள் என்றுதான் பொருள், பாதை உறுதி என்று பொருள் இல்லை. காணி பொதுத் தேவைக்கு எடுக்கப்படும் என்பது 5ஆம் பிரிவுப் பிரகடனம் வந்தால்தான் நிச்சயம். நட்டஈடு 7ஆம் பிரிவு அறிவித்தல் வந்த நாளின் சந்தை விலையைப் பார்த்துக் கணிக்கப்படும், உங்கள் கனவு விலையைப் பார்த்தல்ல. காசு கைக்கு வரும் காலமும் உங்கள் கையில் இல்லை.

விற்பதைப் பற்றி வாங்கும்போதே யோசிக்க வேண்டும். பத்து ஏக்கரை ஒரேயடியாக வாங்கக்கூடியவர்கள் ஒரு மாவட்டத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். துண்டுபோட்டு விற்றால் ஏக்கருக்கு 160 பேர்ச், ஆனால் உள்வீதிக்கு ஒரு பங்கு போகும். நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஆளுகைக்குள் இருக்கும் இடத்தில் 1 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைப் பிரித்தால் 10 சதவீதம் பொதுத் தேவைக்கு விட வேண்டும். கைக்கு மிஞ்சுவது ஏக்கருக்கு 110, 120 பேர்ச் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அதோடு 2018 சித்திரையில் மறுபடி வந்த மூலதன ஆதாய வரி விற்பவர் தலையில்.

மாமா அந்த ஞாயிறு முற்பணம் கொடுக்கவில்லை. கார்த்திகைக் கடைசியில் இருவரும் மறுபடி போனோம். பின்பக்கத்து நான்கு ஏக்கரில் முழங்கால் தண்ணீர். மாடு சாய்த்து வந்த ஒருவர், அந்தத் துண்டு எப்போதும் அப்படித்தான், அது பெர்மிட் காணியும்கூட என்றார். பதிவகத்திலும் பிரதேச செயலகத்திலும் தேடியபோது அவர் சொன்னது சரியாக இருந்தது: உறுதியோடு இருந்தது ஆறு ஏக்கர் மட்டும், மேட்டுப் பக்கம், கஜு நல்லாய் வரக்கூடிய மண். மாமா அந்த ஆறு ஏக்கருக்கும் கஜுக் காணிக்கு உள்ள விலையைச் சொல்லி அனுப்பினார். பாதைக்கென்று ஒரு ரூபாயும் கூட்டவில்லை. விற்பவர் இன்னும் பதில் சொல்லவில்லை.